யாருடைய கை? பள்ளிக்கூடத்தில் தொழிலும் தொண்டும்

மைசூருவின் பழைய நகர்ப் பகுதிகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. அப்பெயரின் இரண்டு சொற்களும் தமிழ்க் காதுக்குப் புதியவை அல்ல. மொத்த வாணிபம் நடக்கும் இடத்தை அரிசி மண்டி, காய்கறி மண்டி என்று தமிழகத்துக் கடைவீதிகளும் அழைக்கின்றன. மொஹல்லா அரபி வேர் உடையது. ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பைத் தமிழ் முஸ்லிம்கள் இன்றும் மஹல்லா என்றே குறிப்பிடுகின்றனர். சந்தையும் குடியிருப்பும் ஒட்டி வளர்ந்த பகுதி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இத்தகைய தெருக்களில் வளரும் குழந்தை, எழுத்தைக் காண்பதற்கு முன்பே தொழிலைக் காண்கிறது. ஈட்டி மரத்தில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்து உருவம் சமைக்கும் மைசூரின் புகழ்பெற்ற கைவினை, இப்பகுதி உள்ளிட்ட பழைய மொஹல்லாக்களின் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும்தான் வாழ்ந்து வந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தெருவில் இருக்கும் தொழில், அதே தெருவின் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவது அரிது. மாணவர் கையால் செய்து கற்க வேண்டும், ஊருக்கு உழைத்துப் பழக வேண்டும் என்ற கருத்தை எந்தக் கல்விக் குழுவும் மறுத்ததில்லை. 1937 முதல் இன்றுவரை ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய அறிக்கையும் அதனைப் பரிந்துரைத்திருக்கிறது. இருந்தும் அது வேர்கொள்ளவில்லை. நிதிக் குறை, ஆசிரியர் குறை, தேர்வின் ஆதிக்கம் என்பன வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். அவை உண்மையே. அவற்றுக்கு முந்தைய காரணம் ஒன்றும் உண்டு. தொழில் செய்யப்போவது யாருடைய கை என்ற கேள்விக்கு இந்தச் சமூகம் நேர்மையான விடை அளிக்கவில்லை.

மைசூர் அரசின் வரலாற்றிலேயே இக்கேள்வியின் வடிவத்தைக் காணலாம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1833-இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, பின்னர் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவானபோது அக்கல்லூரி அதன் தூண்களுள் ஒன்றாயிற்று. அதே நகரில், சயாஜி ராவ் சாலையில், 1913-இல் சாமராஜேந்திர தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. மரவேலை, மரப்பதிப்பு, தந்தச் செதுக்கு, ஓவியம் ஆகியவை அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. கைவினைஞரின் அறிவை அரசு மதித்து ஒரு நிறுவனத்துக்குள் கொண்டுவந்தது அக்காலத்துக்குப் பெரிய செயலே. எனினும் நகரில் இரண்டு வாசல்கள் திறந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று அரசுப் பணிக்கும் வழக்குமன்றத்துக்கும் செல்லும் வாசல். மற்றொன்று பட்டறைக்குச் செல்லும் வாசல். முதல் வாசலில் நுழைந்த மாணவன் உளியைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. இரண்டாம் வாசலில் நுழைந்தவனுக்குப் பல்கலைக்கழகம் எளிதில் எட்டவில்லை.

இந்த இரண்டு வாசல்களையும் ஒன்றாக்க முயன்ற முதல் நாடளாவிய திட்டம் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் பிறந்தது. காந்தி முன்வைத்த கருத்துக்குப் பாடத்திட்ட வடிவம் தர ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவை ஒருங்கிணைத்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவும் அதன் உறுப்பினர். குழு வகுத்த கால அட்டவணை வியப்பூட்டுவது. நாளொன்றுக்கு 5 மணி 30 நிமிடப் பள்ளிநேரத்தில் 3 மணி 20 நிமிடம் ஒரு கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. தாய்மொழிக்குக் கிடைத்தது 40 நிமிடம். நூற்கும் நூலின் நீளத்திலிருந்து கணக்கும், பருத்தி விளையும் மண்ணிலிருந்து நிலவியலும் கிளைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 7 முதல் 14 வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் ஒரே ஏற்பாடு. சேவாகிராமத்தில் அதற்கு மேற்பட்ட வயதினருக்கான அடுத்த கட்டமும் நடத்திப் பார்க்கப்பட்டது. தமிழில் இதற்கு ஆதாரக் கல்வி என்ற பெயர் நிலைத்தது.

இத்திட்டத்தின் கூர்முனை 'அனைத்து' என்ற சொல்லில் இருந்தது. பிராமணக் குழந்தையும் நெசவாளர் குழந்தையும் ஒரே தக்கிளியைப் பிடிக்க வேண்டும். தொழிலைத் தேர்வது பள்ளி, பிறப்பு அன்று. நடைமுறையில் நகரங்களும் வசதி படைத்தோரும் இக்கல்வியைத் தம் பிள்ளைகளுக்கு ஏற்கவில்லை. அது ஊர்ப்புறத்து ஏழைகளுக்கு உரியது என்ற எண்ணம் விரைவில் படிந்தது. பின்னர் நேர்ந்த பெரும் பிளவுக்கு இந்த எண்ணமே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது.

1953-இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி தொடக்கக் கல்விக்கு ஒரு மாற்றத் திட்டம் கொண்டுவந்தார். ஊர்ப்புறப் பள்ளிகளில் வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கப்பட்டு, இரண்டு முறைகளாக நடத்தப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழக வேண்டும் என்றது திட்டம். குறைந்த பணத்தில் கூடுதல் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

வார்தாத் திட்டத்துக்கும் 1953 திட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு நுட்பமானது. முன்னதில் தொழில் பள்ளிக்குள் இருந்தது. ஆசிரியர் முன்னிலையில், எல்லோருக்கும் பொதுவாக நடந்தது. பின்னதில் தொழில் பள்ளிக்கு வெளியே, வீட்டில் இருந்தது. வீட்டுத் தொழில் என்பது இந்நாட்டில் பெரும்பாலும் சாதித் தொழில். சலவைத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் எங்கே இருப்பான் என்பதும், வழக்கறிஞரின் மகன் எங்கே இருப்பான் என்பதும் எவருக்கும் விளக்க வேண்டிய செய்திகளாக இருக்கவில்லை. குலக்கல்வி என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் தனக்குள் அடக்கிக்கொண்டதால்தான் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் கூர்மை மழுங்கவில்லை. கையால் கற்றலை ஆதரித்துத் தமிழில் பேசுவோர் எவரும் இச்சொல்லைக் கடந்தே வர வேண்டியிருக்கிறது.

இக்கொந்தளிப்பு நடந்த அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு தன் அறிக்கையை அளித்தது. 1952-இல் அமைக்கப்பட்ட அக்குழு, உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்றது. கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை ஒரே கூரையின்கீழ் நடத்தும் பல்நோக்குப் பள்ளிகளையும் பரிந்துரைத்தது. ஒரே சீருடை, ஒரே மைதானம், ஒரே பள்ளிப் பெயர்; படிப்பு மட்டும் வேறு. இரண்டு வாசல்களை ஒரு வாசலாக்கும் இரண்டாம் முயற்சி இது.

இம்முயற்சி மைசூருக்கு வந்து சேர்ந்தது. பல்நோக்குப் பள்ளிகளுக்கு ஆசிரியரை ஆயத்தப்படுத்த 1963-இல் ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. தென்மாநிலங்களுக்கு உரிய மைசூர்க் கல்லூரியில் தமிழகத்து மாணவரும் பயின்றனர். செய்முறையில் காட்டுவதற்கென அதனுடன் ஒரு பள்ளியும் இணைக்கப்பட்டது. ஆனால் கூரை ஒன்றானாலும் பிரிவுகளுக்கு இடையிலான ஏணிப்படி அப்படியே நின்றது. மதிப்பெண் மிகுந்தோர் அறிவியலுக்கும், ஏனையோர் தொழிற்பிரிவுகளுக்கும் சென்றனர். 1966-இல் அறிக்கையளித்த கோத்தாரி குழு, பத்தாம் வகுப்பு வரை பிரிவுகளே வேண்டா, பொதுக்கல்வியே போதும் என்று முடிவு செய்தது. திட்டம் மறைந்தது, மைசூர்ப் பள்ளியின் பெயரில் மட்டும் 'பல்நோக்கு' என்ற சொல் இன்றும் எஞ்சியிருக்கிறது. வழக்கொழிந்த பொருளைத் தாங்கி நிற்கும் சொற்களை மொழியியலார் நன்கு அறிவர். கல்வித் துறையிலும் அத்தகைய எச்சங்கள் உண்டு.

கோத்தாரி குழு பிரிவுகளை விலக்கியதே தவிர, உழைப்பை விலக்கவில்லை. பணி அனுபவமும் சமூகத் தொண்டும் எல்லா நிலைகளிலும் கல்வியின் உறுப்பாக வேண்டும் என்றது. கல்லூரி அளவில் 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிகளுக்கு அது பின்னர் விரிந்தது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு, சமூகத்துக்குப் பயனுள்ள உற்பத்திப் பணி என்ற பாடத்தைப் பள்ளிகளுக்கு வகுத்தது. 1978-இல் வேலூரில் பிறந்தவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவருமான மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வி பற்றிய தன் அறிக்கைக்குச் 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்பையே இட்டது. பள்ளிகளிலோ 'உற்பத்திப் பணி' கால அட்டவணையின் ஓய்வு வேளையாயிற்று. எஸ்.யு.பி.டபிள்யூ. என்ற ஆங்கிலச் சுருக்கத்தை 'பயனுள்ள சில பாடவேளைகள் வீண்' என்று விரித்து மாணவர் கேலி செய்தனர். தேர்வில் எண்ணப்படாத உழைப்பு, உழைப்பாகவே எண்ணப்படவில்லை.

இவ்வரிசைக்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு இலங்கையில் உண்டு. 1958-இல் கொழும்பு நாளந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தம் மாணவர்களை கனதொலுவ என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அவ்வூரார் ரொடியா எனப்பட்ட, தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். நகரத்தின் மதிப்புமிக்க பள்ளியொன்றின் பிள்ளைகள் அங்கே தங்கி, அம்மக்களுடன் சேர்ந்து உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கமாகத் தீவு முழுவதும் பரவியது இந்த முகாமின் வித்துதான். மாணவர் தூக்கிய மண்ணின் அளவு இதில் பெரிதன்று. எந்தச் சமூகத்துப் பிள்ளை எந்தச் சமூகத்தாருடன் நின்று மண்வெட்டி பிடித்தான் என்பதே கல்வியாக அமைந்தது. வீட்டிலும் தெருவிலும் கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒரு பாடத்தைப் பள்ளி ஏற்படுத்திக் கொடுத்தது. 1953 திட்டத்தில் பள்ளி தன் பொறுப்பை வீட்டிடம் ஒப்படைத்தது. 1958-இல் ஓர் ஆசிரியர் பிள்ளைகளை வீட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுசென்றார். இரண்டுக்கும் கையுழைப்பு என்ற பெயர் பொருந்தும். விளைவுகள் எதிரெதிரானவை.

தொண்டு என்ற தமிழ்ச் சொல்லின் வரலாறும் இங்கே உதவும். அடிமை நிலையையும் அடியவர் நிலையையும் ஒருங்கே சுட்டிய சொல் அது. பிறப்பால் ஒருவர்மீது சுமத்தப்படும்போது அடிமை வேலை. மனமுவந்து மேற்கொள்ளும்போது தொண்டு. செயல் ஒன்றாகவே இருக்கலாம். விருப்பும் சமத்துவமுமே பொருளை மாற்றுகின்றன. துப்புரவு வேலையைச் சில குழந்தைகளிடம் மட்டும் ஒப்படைக்கும் பள்ளி, எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அதனைத் தொண்டாக்கிவிட முடியாது.

இந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறது. அந்நாள்களில் தச்சர், குயவர், தோட்டக்காரர், ஓவியர் போன்ற உள்ளூர்த் தொழில் வல்லாரிடம் மாணவர் பயில வேண்டும் என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. எதிர்ப்புரைகளில் குலக்கல்வி என்ற சொல் மீண்டும் ஒலித்தது. 2023-இல் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தையும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரி, 2024 நவம்பரில் தமிழ்நாடு அதே வடிவில் ஏற்க மறுத்தது. கையால் கற்றலை மதிப்போர் இவ்வெதிர்ப்பை அரசியல் இரைச்சல் என்று ஒதுக்குதல் தவறு. அது வரலாற்றின் நினைவு.

அந்நினைவைக் காரணம் காட்டிக் கைகளைப் பள்ளிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதும் தீர்வாகாது. அவ்வாறு நிறுத்தியதால் கைவினைஞரின் மதிப்பு உயரவில்லை. அவர் அறிவு பாடநூலுக்கு எட்டாமலே நரைக்கிறது. யானைத் தந்தத்தின் வாணிபம் தடைசெய்யப்பட்டபோது பதிப்பு வேலைக்கு மாற்றுப்பொருள் தேடியவர்களின் சோதனைகளில் மரங்களின் இயல்பு, நிறம், ஒட்டும் தன்மை பற்றிய ஓர் அறிவியலே அடங்கியிருக்கிறது.

ஆகவே இனி வரும் எந்தத் திட்டத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். தொழில் எல்லா மாணவருக்கும் பொதுவா, சிலருக்கு மட்டுமா? மாணவர் தம் வீட்டுத் தொழிலுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாரா, அறியாத தொழிலிடம் அழைத்துச் செல்லப்படுகிறாரா? கற்பிக்கும் கைவினைஞர் ஊதியமும் மதிப்பும் உள்ள ஆசிரியரா, வேடிக்கைக் காட்சிப் பொருளா? மண்டி மொஹல்லாவில் மரம் பதிப்பவரின் மகள் இயற்பியல் ஆய்வகத்தில் முழு நேரமும் நிற்க வேண்டும். இயற்பியல் பேராசிரியரின் மகன் அவள் தந்தையின் பட்டறையில் மாணவனாக உட்கார வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் 1953 திரும்பி வரும். இரண்டும் சேர்ந்து நடக்கும் பள்ளியில்தான் 1937-இன் எஞ்சிய பணி தொடங்கும்.