ஸீபவைஹியின் வாக்கியப் பாகுபாடும் மூளையின் மொழியறிவும்

அரபு இலக்கணத்தின் தலையாய நூலுக்கு அதன் ஆசிரியர் பெயர்கூட இட்டுச் செல்லவில்லை. ஹிஜ்ரி 180 (கி.பி. 796) அளவில் ஸீபவைஹி மறைந்தபின் 'அல்-கிதாப்', அதாவது 'நூல்', என்றே அது வழங்கலாயிற்று. ஆசிரியர் பாரசீக மரபினர். பஸ்ராவில் கலீல் இப்னு அஹ்மதிடம் பயின்றவர். ஹதீஸ் பாடத்தில் ஒரு வேற்றுமை விகுதியைப் பிழைபட ஒலித்துத் திருத்தப்பட்ட நாணமே அவரை இலக்கணத்தின்பால் செலுத்தியது என்று வரலாற்று நூல்கள் கூறும்.

அந்நூலின் முற்பகுதியில், பேச்சில் எது நேரானது, எது பிறழ்ந்தது என ஆராயும் சிறு இயல் ஒன்றுண்டு. அதில் வாக்கியங்கள் ஐவகையாகப் பகுக்கப்படுகின்றன. நேராகவும் நன்றாகவும் அமைந்தது முதல்வகை. மலையைச் சுமந்ததாக ஒருவன் சொன்னால் வாக்கியம் நேரானதே, செய்திதான் பொய். சொல்லை அதற்குரிய இடத்தில் வையாது மாற்றி வைத்தால் கருத்து நேராயிருந்தும் வடிவம் அழகு கெடுகிறது. இறந்தகால வினையோடு 'நாளை' என்பதைச் சேர்த்தாலோ வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவே முறித்துவிடுகிறது, இதுவே 'முஹால்'. முஹாலும் பொய்யும் ஒருங்கே அமைந்தது ஐந்தாம் வகை. வடிவம் பிழைபடுவது வேறு, பொருள் பிழைபடுவது வேறு என்பதைச் செவியால் மட்டுமே பிரித்தறிந்த பாகுபாடு இது.

மூளையில் இவ்விரண்டும் எங்ஙனம் நிகழ்கின்றன என்னும் வினா மிகப் பிந்தையது. 1861இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில், பல்லாண்டுகளாக 'தான்' என்னும் ஓர் அசையையே ஏறத்தாழ எதற்கும் விடையாகக் கூறிவந்த லெபோர்ன் என்பவர் இறந்தார். அவர் மூளையின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைப் பால் புரோக்கா காட்டினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, காதருகே பின்பகுதி பழுதுற்றோர் சரளமாகப் பேசியும் பொருள் உணராதிருப்பதை விளக்கினார். முன்பகுதி பேசுவதற்கு, பின்பகுதி உணர்வதற்கு என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது.

1976இல் கரமாஸா, ஸூரிஃப் ஆகியோர் நடத்திய ஆய்வு இக்கொள்கையை அசைத்தது. புரோக்கா வகை நோயாளர், சிறுவன் ஆப்பிளைத் தின்றதை எளிதில் விளங்கிக்கொண்டனர். ஆப்பிள் சிறுவனைத் தின்னாது என்ற உலகறிவே அங்கே போதும். இருவரில் எவரும் எவரையும் துரத்தக்கூடிய சிக்கலான வாக்கியத்திலோ அவர்கள் தடுமாறினர். அரபு இலக்கண வகுப்பில் அமர்ந்தோர் எவரும் மறவாத 'ஸைது அம்ரை அடித்தான்' என்பதும் இத்தகையதே. அம்ர் ஏன் நாள்தோறும் அடிபடுகிறார் என்று மாணவப் பருவத்தில் நாம் நகைத்ததுண்டு. அடித்தவர் எவர், பட்டவர் எவர் என்பதை அங்கே சொற்பொருள் சொல்லாது, விகுதியே சொல்லும்.

1980இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் தலைமேல் பதித்த மின்முனைகள் வழியே மூளையலைகளை அளந்தனர். ரொட்டியில் எதையோ தடவுவதாகத் தொடங்கும் வாக்கியம் 'காலுறை' என முடிந்தால், அச்சொல் தோன்றிய 400 மில்லி நொடி அளவில் ஓர் எதிர்மின் அலை எழுந்தது. 1992இல் ஆஸ்டர்ஹவுட்டும் ஹோல்கம்பும் வாக்கிய அமைப்புப் பிறழும்போது 600 மில்லி நொடி அளவில் நேர்மின் அலை எழுவதைக் கண்டனர். படிக்கும்போது மட்டுமன்றிக் கேட்கும்போதும் இவ்வலைகள் தோன்றுகின்றன. பேச்சிலோ நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் ஓடுகின்றன. ஒரு சொல்லுக்குரிய அலைகள் முற்ற அடங்குமுன் அடுத்த சொல் பிறந்துவிடுகிறது.

இதனைக் கண்டதும், நம் முன்னோர் அன்றே மூளையியலைச் சொல்லிவிட்டனர் என்று முழங்குவோர் உளர். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. ஸீபவைஹி மூளையைப் பற்றி அங்கு ஒன்றும் கூறவில்லை; அரபியர் எதை ஏற்பர், எதை ஏலார் என்பதையே கூறினார். அவர் பாகுபாடு அலைகளோடு முற்றப் பொருந்துவதுமில்லை. 2004இல் ஹாகூர்ட் குழுவினர், தம் நாட்டு ரயில்கள் மஞ்சள் நிறத்தன என்றறிந்த டச்சு மக்களுக்கு அவை வெண்ணிறம் என்னும் பொய்யையும், அவை புளிப்பானவை என்னும் பொருந்தாக் கூற்றையும் அளித்தனர். இரண்டிற்கும் 400 மில்லி நொடி அலை ஒரே வேளையில், ஏறத்தாழ ஒரே அளவில் எழுந்தது. வேறு சில மின்துடிப்பு அளவீடுகளே வேற்றுமை காட்டின. ஸீபவைஹி வேறாக வைத்த பொய்யும் பொருந்தாமையும் அந்த அலையில் பிரியவில்லை.

இலக்கணத்திற்கு ஓரிடம், பொருளுக்கு ஓரிடம் என்ற பிரிவினையும் இன்று உறுதியாக நிற்கவில்லை. உணவே உண்பதாக வரும் வாக்கியத்தில், இலக்கணம் செம்மையாயிருந்தும் 600 மில்லி நொடி அலை எழுவதை 2003 முதல் பல ஆய்வுகள் கண்டன. 2020இல் ஃபெடரென்கோ குழுவினர், மூளையின் மொழிப் பகுதிகளுள் இலக்கணத்திற்கு மட்டுமே உரியதாக எதனையும் காணவில்லை என அறிவித்தனர். இறந்தகால வினையோடு சேர்ந்த அந்த 'நாளை'யை ஸீபவைஹி இலக்கணப் பிழை என்றும் கூறவில்லை, பொய் என்றும் கூறவில்லை. தனிப் பெயரிட்டு நடுவே வைத்தார்.