பச்சைத் திரைக்குப் பின்னால்

1997-ல் அமெரிக்காவின் மத்திய மேற்கிலிருந்த ஒரு கிடங்கு நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து என்னை அனுப்பினார்கள். ஏஎஸ்/400-ல் இருக்கும் தரவை விஷுவல் பேசிக் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஊழியர்களைப் பச்சை எழுத்துத் திரையிலிருந்து மீட்க வந்தவன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

அந்த இயந்திரத்துக்குக் குலப்பெருமை உண்டு. 1978-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/38-லேயே தரவுத்தளம் இயங்குதளத்தோடு பிணைந்திருந்தது. தனியாக வாங்கி நிறுவுகிற சமாச்சாரம் இல்லை. 1988-ல் வந்த ஏஎஸ்/400 அதன் வாரிசு. பல வருடம் அந்தத் தரவுத்தளத்துக்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது; டிபி2/400 என்பது பிறகு வைத்த பெயர். இந்தப் பக்கம், 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசியைக் கொண்டுவந்தது. எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே பாஷையில் பேசலாம் என்றார்கள்.

பேசிப் பார்த்தேன். வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய கட்டத்தில் 'இ2டி4சி9இ3சி8' என்று வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர், ஆர்பிஜியிலேயே தலை நரைத்தவர், எட்டிப் பார்த்து "ஸ்மித்" என்றார். விண்டோஸ் எழுத்துகளை எண்ணாக்குவது ஆஸ்கி வழியில்; அந்த இயந்திரம் எப்சிடிக் வழியில். கோப்பின் மேல் 65535 என்ற குறியீடு இருந்தால் 'மாற்றாமல் அப்படியே கொடு' என்று அர்த்தம். டிரைவரில் ஒரு டிக் போட்டதும் சரியாயிற்று.

அடுத்தது அப்படி முடியவில்லை. சேமிக்கப் போனால் எஸ்க்யூஎல்7008 என்று பிழை. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப, கோப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஜர்னலில் பதிவாக வேண்டும். அங்கே கோப்புகளுக்கு ஜர்னலே இல்லை. "போட்டுடலாம். டிஸ்க்ல இடம் பார்க்கணும், ஒரு வாரம் குடு" என்றார் பெரியவர்.

எனக்கு ஏது ஒரு வாரம்? டிரைவர் அமைப்பில் 'கமிட் வேண்டாம்' என்று மாற்றினேன். பிழை போய்விட்டது. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

ஒரு மாலை நெட்வொர்க் அறுந்தது. மூன்று ஆர்டர்களுக்குச் சரக்கு இருப்பு குறைந்திருந்தது, ஆர்டர் பதிவாகவில்லை. மேலாளர், "அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போடணும்" என்று பெரியவரிடம் கத்தினார். அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து காகிதச் சீட்டுகளை வைத்துக் கணக்கை நேர்செய்தவர் அவர்தான். அந்த வார இறுதியில் ஜர்னலையும் போட்டுக் கொடுத்தார். என் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. டிரைவரில் அந்த ஒரு அமைப்பை மட்டும் திருப்பி வைத்தேன். கிளம்பும்வரை மேலாளரிடம் அதை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.