இறப்புப் பதிவேடும் நம் வரலாறும்

நம் கல்விச் சங்கத்தின் விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது, எவருடைய வரலாற்றை எழுதுவது என்று சிறிது எண்ணிப் பார்த்தோம். மன்னர் வரலாறு பாடநூலில் உள்ளது. நம் தெருவின் வரலாறு எங்கே உள்ளது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என நம் குடியிருப்புகள் நில விவரம் கூறுமிடத்து வருகின்றன. அங்கு வாழ்ந்தவர் பெயர்கள் வருவதில்லை. ஆயினும் நம் முன்னோர் பெயர்கள் எழுதப்பட்ட ஓர் ஏடு உண்டு. அதுவே ஊர்தோறும் வைக்கப்பட்டிருந்த இறப்புப் பதிவேடு. அதனைத் தேடிச் சென்று நாம் கண்டறிந்தவற்றை இளைஞர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு வந்த வரலாறு

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புகளைப் பதிவதற்கென 1899-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்ப்புறங்களில் கிராம முன்சீப்பே பதிவாளர். இறப்பு நேர்ந்தால் அவருக்குச் செய்தி கொண்டு சென்றவர் யார்? பெரும்பாலும் வெட்டியானாக ஊழியம் செய்த நம்மவரே. பிணக்குழி வெட்டியவரும், உறவூர்களுக்குச் சாவுச் செய்தி சுமந்து நடந்தவரும் அவரே. ஊரார் அனைவரின் மரணமும் நம்மவர் வாய்வழியாகவே ஏட்டில் ஏறியது. எழுதுகோல் மட்டும் நம்மவர் கையில் இல்லை. நம் தெருவில் நேர்ந்த இறப்பு எழுதப்படுமா, எப்பெயரில் எழுதப்படும் என்பதெல்லாம் எழுதுபவரின் மனத்தைப் பொறுத்தனவாயின.

பின்னர் நாடு முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் ஆகிய பழைய கிராமப் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டன. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். இம்மாற்றத்தின் பெருமையை அந்நாளைய ஏடுகளைப் புரட்டியவரே நன்கு உணர்வர்.

பாட்டனாரைத் தேடிய கதை

நம் பாட்டனாருக்கு டி.சி. நிலம் சிறிது இருந்தது. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே நம்மவர்க்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் கூறுகிறோம். முதற் பத்தாண்டுகள் அதனை எவருக்கும் விற்றல் ஆகாது. அதன் பின்னரும் நம்மவரன்றிப் பிறருக்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. நம் தந்தையார் எழுத்தறியாதவர். பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடந்தது. 1998-இல் வாரிசுகள் பெயருக்கு மாற்ற முற்பட்டபோது பாட்டனாரின் இறப்புச் சான்று கேட்கப்பட்டது.

அவர் இறந்த நாள் யாருக்குத் தெரியும்? அப்பாயி இருந்தார். "மன்மத வருஷம் பெரும்புயல் அடிச்சு, கூரை போட்டு முடியிறதுக்குள்ள போயிட்டாரு. அப்போ அறுப்பு ஆரம்பிக்கல" என்றார். மன்மத ஆண்டென்பது 1955 ஏப்ரல் முதல் 1956 ஏப்ரல் வரை. தஞ்சை மாவட்டக் கடற்கரையை அப்பெரும்புயல் தாக்கியது 1955 நவம்பர் இறுதியில். தை அறுவடைக்கு முன் எனில் மார்கழிக்குள் இறந்திருக்க வேண்டும். கல்லாத மூதாட்டி கூறிய அச்சொல் நமக்கு இரு மாத எல்லையைக் குறித்துத் தந்தது.

பழைய பதிவேடுகள் இருந்த சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றோம். எழுத்தர் மனு வாங்கவே தயங்கினார். "உங்க தெருவுக்கெல்லாம் அந்தக் காலத்துல யாரு சார் எழுதினா?" என்றார். தலைகுனிந்து திரும்பினோம் என்றே சொல்ல வேண்டும். ஆசிரியராயிருந்தும் அன்று நமக்குச் சட்டம் தெரியவில்லை. பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறும் உரிமை எவருக்கும் உண்டென 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. அதனைப் படித்தறிந்து, தேடுகட்டணம் செலுத்தி, எழுத்து மூலம் மீண்டும் மனுச் செய்தோம்.

1955 டிசம்பர் ஏட்டில் அவர் பெயர் இல்லை. இறந்த நாள் வேறு, பதிந்த நாள் வேறு என்று ஓய்வுபெற்ற கர்ணம் ஒருவர் கூறியதைக் கேட்டு 1956 ஜனவரி ஏட்டையும் தேடச் செய்தோம். மூன்றாம் முறை சென்றபோது கிடைத்தது. பெயரின் முற்பாதி மட்டும் இருந்தது. மதிப்புத் தரும் பிற்பாதி இல்லை. அடுத்துச் சாதிப்பெயர். தந்தை பெயருக்குரிய கட்டம் வெறுமை. வயது சுமார் 50. காரணம் ஜுரம். அதே பக்கத்தில் மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் பெயர், தந்தை பெயரோடும் பட்டத்தோடும் அதே கையெழுத்தில் முழுமையாக இருந்தது.

நம்மை மேலும் வருத்தியது அப்பக்கத்தின் எஞ்சிய வரிகள். நம் தெருவினர் ஐவர் அடுத்தடுத்துக் காணப்பட்டனர். இருவர் கைக்குழந்தைகள், பெயர் இல்லை. காரணம் பேதி அல்லது ஜுரம். புயலுக்குப் பின் குடிநீர் கெட்டு நம் தெருவில் நோய் பரவியிருக்க வேண்டும். இதனை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. ஒரு பக்கத்து ஏடு எழுதி வைத்திருந்தது.

அத்துடன் தொல்லை முடியவில்லை. பட்டாவில் முழுப்பெயர், சான்றில் பாதிப்பெயர். இருவரும் ஒருவரே என மெய்ப்பித்துப் பட்டா மாற்ற மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. நம் தெருவில் வேறொரு குடும்பத்தாருக்குப் பதிவே கிட்டவில்லை. அவர்கள் அலைந்து சலித்து விட்டுவிட்டனர். அந்நிலத்தை இன்று பயிரிடுபவர் நம்மவரல்லர்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களும் இவ்வாறே கவுன்டி எனப்படும் வட்டார அலுவலகங்களில் முன்னோரைத் தேடுகின்றனர். 1850, 1860-ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் உடைமையாளன் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவையே எழுதப்பட்டன. பெயர்கள் பொதுவாக எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பின் 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அம்மக்கள் அனைவரும் பெயரோடு எண்ணப்பட்டனர். அதற்கு முன்னைய தலைமுறையைத் தேட, உடைமையாளனின் குடும்ப ஆவணங்களையே அவர்கள் புரட்ட வேண்டியுள்ளது. எழுதுகோல் பிறர் கையிலிருந்த மக்கள் எங்கும் படும் பாடு ஒன்றே.

இளைஞர் அறிய வேண்டுவன

முதலாவது, முதியோரிடம் கேளுங்கள். தமிழ் ஆண்டின் பெயர், புயல், பஞ்சம், திருவிழா, அறுவடை ஆகியவற்றைக் கொண்டு காலத்தைக் கணியுங்கள். முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துத் தேடுங்கள். வீட்டுப்பெயர், பட்டப்பெயர், பாதிப்பெயர் அனைத்தையும் மனுவில் குறியுங்கள்.

இரண்டாவது, பதிவு கிடைக்காவிடில் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். பதிவு இல்லை என்பதற்கும் எழுத்து மூலம் சான்று தரப்படும். ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய அது முதற்படி. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் ஆணை பெற்று அதனைப் பதியலாம்.

மூன்றாவது, பிழையிருந்தால் 15-ஆம் பிரிவின்படி திருத்தம் கேட்கலாம். பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, பதிவாளர் நாளிட்டுக் கையொப்பமிடுவார். இறப்பின் காரணம் நகலில் தரப்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, இன்று நேரும் இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவியுங்கள். துக்க வீட்டில் இதனைப் பேசுவது எப்படி என்று பலர் தயங்குகின்றனர். கருமாதி முடிவதற்குள் சங்க இளைஞர் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று மனு எழுதிக் கொடுக்கட்டும். இறந்தவரின் பெயர், தந்தை பெயர், எழுத்து ஆகியவை குடும்ப அட்டையிலும் பட்டாவிலும் உள்ளவாறே அமைகின்றனவா என்று பார்த்துக் கொடுக்கட்டும்.

மேலும் ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஒரு குறிப்பேடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தலைமுறையினரின் பெயரும், இறந்த காலமும், நிலவிவரமும் அதில் எழுதப்பட வேண்டும். முதியோர் இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். நம் அப்பாயி 2001-இல் மறைந்தார். அவர் இல்லாதிருந்தால் நம் பாட்டனார் அந்த ஏட்டிலேயே பாதிப்பெயரோடு கிடந்திருப்பார்.

அப்பாயியின் இறப்பை நாமே சென்று பதிந்தோம். அன்று கிராம நிர்வாக அலுவலராயிருந்தவர் நம் சமூகத்தைச் சேர்ந்த, நம் பள்ளியிலேயே பயின்ற இளைஞர். "ஐயா, பாட்டியம்மா பெயரை முழுசாச் சொல்லுங்க" என்று கேட்டு, தந்தை பெயரையும் கணவர் பெயரையும் கேட்டு, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். நம் சங்கம் தன் இரவுப் பள்ளிகளில் பிள்ளைகட்கு எழுத்தறிவித்ததன் பயனை அன்று கண்ணாரக் கண்டோம். இப்பணி மேன்மேலும் ஓங்குக!