கன்றும் நாற்றும்: தோட்டத்தில் வாழ்ந்த தமிழ்



சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்களும் நெல்வயல்களும் அருகருகே இருந்தன. அவற்றின் இளம்பயிர்களை நம் முன்னோர் ஒரே சொல்லால் அழைக்கவில்லை. இரப்பருக்குக் 'கன்று', நெல்லுக்கு 'நாற்று'.

எழுத்தறியாதாரும் பிழையின்றிப் பேணிய இவ்வழக்கிற்குப் பழைய இலக்கணம் உண்டு. ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து எனும் பெயர்கள் பொருந்தும். நெல்லும் புல்லும் அவற்றை ஏலா என்கிறது தொல்காப்பிய மரபியல்.

பிரேசில் நாட்டு இரப்பர் 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தடைந்தது. மரமும் புதிது, பெயரும் அயல். எனினும், பின்னர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் அதன் வளர்ச்சியைக் கூறப் புதுச்சொல் தேடவில்லை. கன்று நட்டனர். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்த்த மரம் தளிர்த்தது, அரும்பியது, சிறு மஞ்சள் பூக்களாய் மலர்ந்தது, காய்த்தது. எல்லாம் தமிழே!

பூவின் ஒவ்வொரு நிலைக்கும் சொல் உண்டென்பதை மொழிஞாயிறு பாவாணர் எடுத்துக்காட்டினார். தோன்றுகையில் அரும்பு, விரியத் தொடங்குகையில் போது, விரிந்தபின் மலர், உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு எல்லாம் 'செடி', எல்லாம் 'பூ'. காணாத பொருளின் பெயர் நாவில் தங்குமா?

பள்ளி வளாகத்துச் செம்பருத்தி ஒரே நாளில் மலர்ந்து வாடுவது. ஆசிரியர்களே, மாணவரை அதன்முன் நிறுத்துங்கள். அரும்பு முதல் செம்மல்வரை அவர்கள் கண்ணாலேயே கற்பார்கள்.