முகம் பாராத வியாபாரம்: விற்பனை யந்திரத்தின் சரித்திரமும் அது பெற்ற ஆதரவின் காரணங்களும்

வாங்குவோரும் விற்போரும் நேருக்கு நேர் நின்று, பொருளைக் காட்டியும் தொட்டுப் பார்த்தும், விலையைக் கூட்டியும் குறைத்தும் நடத்துவதே வியாபாரம் என்று மனித சமூகங்கள் நெடுங்காலம் கருதி வந்திருக்க, விற்போரின் முகமே தென்படாத ஒரு விற்பனை முறை தோன்றி, ரயில் நிலையத்திலும் தொழிற்சாலையிலும் வைத்தியசாலையிலும் தெருக்கோடியிலும் இடம் பிடித்துக்கொண்டது எவ்வாறு என்பது, பொருளாதார சரித்திரம் கற்போர் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க கேள்வியாகும். முதலாளிக்குக் கூலி மிச்சம், வாங்குவோருக்குச் சௌகரியம் என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. அது பொய்யன்று, எனினும் போதாது. கூலி உயர்ந்த தேசங்கள் பல இருக்க, ஜப்பானில் மட்டும் 2000-ஆம் ஆண்டளவில் சுமார் 56 லட்சம் யந்திரங்கள், அதாவது ஏறக்குறைய 23 பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில், நிலைபெற்றிருந்தமைக்கு அந்த விடை முழுக் காரணம் காட்டாது.

கொடுக்கப்படும் பணம் நல்லதுதானா, பொருள் தரமானதுதானா, விலை நியாயமானதுதானா, வாங்க வருபவர் அதை வாங்கத் தகுதியுடையவர்தானா என்னும் நான்கு ஐயங்களையும் முற்காலத்தில் கடைக்காரர் ஒருவரே தீர்த்து வைத்தார். அந்த நான்கு உத்தரவாதங்களையும் வேறு ஸ்தாபனங்கள் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட இடங்களிலேயே விற்பனை யந்திரம் வேரூன்றியது. அவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் அது தளர்ந்தது. இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கொள்கை.

ஆதி முயற்சிகள்

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், காற்றாலும் நீராலும் இயங்கும் கருவிகளைப் பற்றி இயற்றிய நூலில், கோவிலில் புனித நீர் வழங்கும் பாத்திரம் ஒன்றை வர்ணித்திருக்கிறார். ஐந்து திராக்மா நாணயத்தை மேலுள்ள துவாரத்தில் இட்டால், அது உள்ளே ஒரு நெம்புகோலின் நுனியிலுள்ள தட்டில் விழும்; அதன் பாரத்தால் தட்டுத் தாழ, மறுமுனை உயர்ந்து நீர் செல்லும் வழியைத் திறக்கும்; தட்டுச் சரிந்து நாணயம் வழுக்கி விழுந்ததும் வழி மூடிக்கொள்ளும். காணிக்கைக்கு உரிய அளவு நீர் கூடாமலும் குறையாமலும் கிடைக்கச் செய்யும் இந்த அமைப்பு, நாணயத்தின் பாரத்தையன்றி அதன் மெய்ப்பொய்யை அறியும் ஆற்றல் இல்லாதது. தெய்வ சந்நிதானத்தில் பக்தருடைய அச்சம் அக்குறையை ஈடுசெய்திருக்கலாம். சந்தை வீதியில் அத்தகைய காவல் கிடைப்பதற்கில்லை.

விற்போரின் முகத்தை மறைப்பதே நோக்கமாக யந்திரம் ஒன்று அமைக்கப்பட்டது இங்கிலாந்தில். தாமஸ் பெயினின் நூல் உள்ளிட்ட தடை செய்யப்பட்ட பிரசுரங்களை விற்றதற்காகச் சிறைவாசம் அனுபவித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் கார்லைல் என்னும் பதிப்பாளர், 1822-ஆம் ஆண்டில், தம் லண்டன் கடையில் தானே புத்தகம் விற்கும் சாதனம் ஒன்றை ஏற்படுத்தினார். வாங்குவோர் ஒரு முள்ளைத் திருப்பி வேண்டிய நூலின் பெயருக்கு நேரே நிறுத்திப் பணத்தைப் போட்டால், புத்தகம் வெளியே வந்து விழும். விற்றவர் இன்னார் என்று சாட்சி சொல்ல எவராலும் இயலாது. ஆனால் நீதிமன்றம் இதற்கு இணங்கவில்லை. கார்லைலின் சிப்பந்தி ஒருவர் தண்டிக்கப்பட்டார். முகம் மறைந்தாலும் விற்பனையின் பொறுப்பு மறையாது என்ற தத்துவம், யந்திரத்தின் சரித்திரத்தில் இவ்வளவு முன்னதாகவே பதிவாகிவிட்டது.

பொட்டலமும் ரயில் நிலையமும்

வியாபார வெற்றி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1883-ஆம் ஆண்டில் பெர்சிவல் எவரிட் என்பவர் லண்டனில் தபால் அட்டை விற்கும் யந்திரத்தை அமைத்தார். 1888-இல் தாமஸ் ஆடம்ஸ் கம்பெனியார் நியூயார்க் நகரத்து மேம்பால ரயில் நிலையங்களில் மெல்லும் பிசின் விற்கும் யந்திரங்களை நிறுத்தினர். ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சாக்லேட் உற்பத்தியாளரான லுட்விக் ஸ்டோல்வெர்க், பெர்லின் நகரத்து மாக்ஸ் ஸீலாஃப் சமைத்த யந்திரங்களைக் கொண்டு தம் சரக்கை ஆயிரக்கணக்கான இடங்களில் விற்றார். நம் நாட்டு ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடைச் சீட்டு அச்சடித்துத் தரும் யந்திரமும் இவ்வமிசத்தைச் சேர்ந்ததே.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான லக்ஷணங்கள் இரண்டு. முதலாவது, பொருள் சிறியது, ஒரே அளவினது, உற்பத்தியாளரின் பெயரும் முத்திரையும் தாங்கிய பொட்டலத்துள் அடங்கியது. சரக்கின் தரத்துக்குக் கடைக்காரரின் வாக்கு தேவைப்பட்ட காலம் போய், ஆலையின் முத்திரையே வாக்காக மாறிய பிறகே, வாங்குவோர் தொட்டுப் பாராமலும் முகர்ந்து பாராமலும் காசு போடத் துணிந்தனர். இரண்டாவது, இடம் ரயில் நிலையம். ஓர் அணாப் பெறுமான சரக்குக்காகச் சிப்பந்தி ஒருவரை நாள் முழுதும் நிறுத்தினால் லாபம் கூலிக்கே காணாது; பிரயாணிக்கோ வண்டி வருவதற்கு முன் சில நிமிஷங்களே உண்டு. இரு தரப்பின் அவசரமும் சிக்கனமும் ஒருங்கே சந்தித்த இடமாதலால், யந்திரம் அங்கே முதலில் நிலைகொண்டது.

ஆட்டோமாட் போஜனசாலையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

பொட்டலத்தில் அடங்காத உணவையும் இம்முறையில் விற்கலாம் என்று காட்டியது, பெர்லினில் 1895-இல் தோன்றிய ஆட்டோமாட் போஜனசாலை. ஜோசப் ஹார்ன், பிராங்க் ஹார்டார்ட் என்னும் கூட்டாளிகள் 1902-இல் பிலடெல்பியாவிலும் 1912-இல் நியூயார்க்கிலும் அதைத் திறந்தபோது, கண்ணாடிக் கதவிட்ட சிறு அறைகளுள் வைக்கப்பட்ட பண்டங்களைக் கண்ணால் கண்டு, ஐந்து சென்ட் நாணயங்களை இட்டு, கைப்பிடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் முறை ஏழை எளியவரையும் நடுத்தர வர்க்கத்தாரையும் ஒருங்கே கவர்ந்தது. பரிமாறுவோருக்கு இனாம் கொடுக்க வேண்டியதில்லை. உடையைக் கண்டு மதிப்பிடும் பார்வைக்கு ஆளாக வேண்டியதில்லை. ஆனால் சுவருக்கு அப்பால் ஒழிந்த அறைகளை உடனுக்குடன் நிரப்பிய பணியாளரும், முன்புறத்தில் சில்லறை மாற்றித் தந்த பெண்களும் இல்லாமல் அச்சாலை ஒரு நாளும் நடந்திராது. யந்திரம் உழைப்பாளரை நீக்கிவிடவில்லை. வாங்குவோரின் பார்வைக்கு அப்பாற்பட்ட இடத்துக்கு அவரை மாற்றியது.

அச்சாலை நலிந்ததற்கும் நாணயமே ஒரு காரணம். பல ஆண்டுகள் ஒற்றை ஐந்து சென்ட் காசுக்குக் கிடைத்துவந்த காப்பியின் விலை 1950-இல் இரட்டிப்பாகியது. விலைவாசி ஏற ஏற, ஒரு சாப்பாட்டுக்கு இட வேண்டிய காசுகளின் எண்ணிக்கை பெருகியது. ஒரு காசு, ஒரு திருப்பு, ஒரு பண்டம் என்ற எளிமை குலைந்தது. உடனடி உணவுச் சாலைகளின் போட்டியும் சேர்ந்துகொள்ள, கடைசி ஆட்டோமாட் 1991-இல் மூடப்பட்டது.

ஜப்பானில் கூடிவந்த காரணங்கள்

ஜப்பானில் இம்முயற்சி பழமையானது. யமகுச்சிப் பிரதேசத்தைச் சேர்ந்த தவராயா தகாஷிச்சி என்னும் கைவினைஞர் 1904-இல் மரத்தால் செய்த தபால் தலை, அட்டை விற்கும் யந்திரம் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சரக்குத் தீர்ந்ததும் அதனை அறிவிக்கும் பலகை தோன்றும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆயினும் பெருக்கம் ஏற்பட்டது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னரே. 1962-இல் கோகோ கோலா கம்பெனியின் புட்டி யந்திரங்கள் வந்தன. 1967-இல் அரசாங்கம் 100 யென் நாணயத்தை வெள்ளியிலிருந்து செம்பு நிக்கல் கலவைக்கு மாற்றி ஏராளமாக வெளியிட்டதால், யந்திரம் பரிசோதிக்கத்தக்க சீரான நாணயம் ஜனங்களின் கைகளில் தாராளமாகப் புழங்கலாயிற்று. 1969-இல் யு.சி.சி. கம்பெனியார் டப்பாவில் அடைத்த பால் காப்பியை வெளியிட்டனர். 1973-இல் போக்கா கம்பெனியார் ஒரே யந்திரத்தில் சூடான பானமும் குளிர்ந்த பானமும் வழங்கும் அமைப்பைக் கொணர்ந்தனர். கோடையில் மட்டும் பயன்பட்ட பெட்டி, இதனால் பன்னிரண்டு மாதமும் சம்பாதிக்கும் சாதனமாயிற்று.

வியாபார ஸ்தாபனங்கள் இதனை விரும்பியதற்குக் கூலியைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. பெரிய அங்காடிகளின் வழியே விற்கும் உற்பத்தியாளர், அலமாரியில் இடம் பெறவே பேரம் பேச வேண்டும். தள்ளுபடி தர வேண்டும். போட்டியாளரின் சரக்கு பக்கத்திலேயே இருப்பதைச் சகிக்க வேண்டும். சொந்த யந்திரத்திலோ அவர் சரக்கு மட்டுமே இருக்கும். விலையும் அவர் குறித்த விலையே. நிலத்துக்கு உரியவர் இடமும் மின்சாரமும் தந்து விற்பனையில் ஒரு பங்கைப் பெறுவார். சரக்கு நிரப்புவது, காசு திரட்டுவது, பழுது பார்ப்பது யாவும் கம்பெனியின் ஆட்களைச் சேரும். கடை வைக்கப் போதாத சந்தும் சுவரோரமும் இவ்விதம் வருமானம் தரலாயின. சிகரெட்டின் சில்லறை விலை சட்டப்படி தேசமெங்கும் ஒன்றே ஆகையால், அங்கே யந்திரத்தை விட்டுக் கடையை நாடுவதால் வாங்குவோருக்கு ஒரு காசும் மிச்சமாகாது.

வாங்குவோர் தரப்புக் காரணங்களும் இதற்கு இசைந்தே அமைந்தன. நள்ளிரவிலும் கிடைக்கும்; காத்திருக்க வேண்டாம்; சிறு கிரயத்துக்காக ஒருவரை எழுப்பித் தொந்தரவு செய்கிறோமே என்ற சங்கோசம் வேண்டாம்; எதையும் வாங்காமல் திரும்பினாலும் எவரும் முகம் சுளியார். தெருவில் தனித்து நிற்கும் பெட்டியை உடைத்துப் பணத்தைக் கவர்வோர் அரிதாயிருந்த சமூக ஒழுங்கு, இவையனைத்துக்கும் ஆதாரமாக நின்றது.

யந்திரத்தின் எல்லை

ஜப்பானில் பணம், பொருள், விலை ஆகிய மூன்றுக்கும் உத்தரவாதம் கிடைத்துவிட்டது; நான்காவதான வாங்குவோரின் தகுதி பாக்கி நின்றது. மதுவையும் புகையிலையையும் சிறுவர் வாங்கினால் தடுக்க யந்திரத்துக்குக் கண் இல்லை. மது விற்பனையாளர் சங்கமே 1990-களில் அத்தகைய யந்திரங்களை அகற்றத் தீர்மானித்தது. புகையிலைக்கு 2008-இல் வயது அறியும் ‘டாஸ்போ’ அட்டை தேசமெங்கும் விதிக்கப்பட்டபோது, அட்டை பெறும் சிரமத்தை விரும்பாத ஏராளமானோர் மனிதர் நின்று விற்கும் சிறு அங்காடிகளுக்குத் திரும்பினர். எளிமைக்காகவே யந்திரத்தை நாடிய ஜனங்கள், எளிமை போனதும் அதைக் கைவிட்டனர் என்பது இதனால் நிரூபணமாகிறது.

வேறு சோதனைகளும் தொடர்ந்தன. 2011-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் மின்சாரத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இரவு பகலாக ஒளிரும் யந்திரங்கள் கண்டனத்துக்கு இலக்காயின. பிற்பகல் வேளையில் குளிர்பதனத்தை நிறுத்தும் முறையும், குளிரூட்டுவதால் வெளிப்படும் உஷ்ணத்தைக் கொண்டே பானத்தைச் சூடாக்கும் முறையும் அதற்கு முன்பே ஏற்பட்டிருந்தும், பழி நீங்கவில்லை. 2021-இல் வந்த புதிய 500 யென் நாணயமும் 2024-இல் வந்த புதிய நோட்டுகளும் யந்திரங்களைத் திருத்தும் செலவைச் சுமத்தின. எல்லாவற்றினும் பெரிதாக, லாரியில் சென்று சரக்கு நிரப்பும் ஊழியர் கிடைப்பது அரிதாகி வருகிறது. இப்பொழுது அத்தேசத்து யந்திரங்களின் தொகை 40 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

முடிவுரை

மனிதரோடு பேசுவதை ஜனங்கள் வெறுத்ததால் யந்திரம் வளரவில்லை. பேச வேண்டிய அவசியம் அரசாங்கத்தின் நாணயத்தாலும், ஆலையின் முத்திரையாலும், ஸ்திரமான விலையாலும், பொது ஒழுங்காலும் முன்னரே தீர்ந்துபோன பரிவர்த்தனைகளில் மட்டுமே அது கடைக்காரரின் இடத்தைப் பெற்றது. ஆகவே, யந்திரம் வைக்கலாமா என்று ஆலோசிக்கும் வியாபாரி, கூலிக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பாக, பணத்துக்கும் பொருளுக்கும் விலைக்கும் வாங்குவோரின் தகுதிக்கும் பொறுப்பேற்பவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கிட்டாத வியாபாரத்தில், நேரில் நின்று பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.