ஏழைக்கேற்ற எள்ளுருண்டை

‘‘மாமா, இந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் பாருங்க.’’

அக்கா பையன் நீட்டிய காகிதம், ரிச்சி தெருக் கடை ஒன்றின் கொட்டேஷன். ப்ளஸ் டூ முடித்துவிட்டான். சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறானாம். பட்ஜெட், ஐம்பதாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அக்கா கரண்டியோடு வருவாள்.

பட்ஜெட்டில் கிட்டத்தட்ட பாதியை பிராசசரே தின்றிருந்தது. கலர் கலராக விளக்கெரியும் கேபினெட்டுக்கு ஒரு தொகை. மிச்சம் மீதியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில், ‘எஸ்.எம்.பி.எஸ். - கேபினெட்டுடன் இலவசம்’.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயிற்றையும் கொஞ்சம் கலக்கியது. 2000-ம் வருடம், பி.காம். மூன்றாம் ஆண்டில், அச்சு அசலாக இதே லிஸ்ட்டைத்தான் நானும் போட்டேன். விளக்கு ஒன்றுதான் பாக்கி. அந்தச் சோகத்துக்கு அப்புறம் வருகிறேன்.

‘‘உட்காருடா. ஒரு கதை சொல்றேன்.’’

‘‘ஆரம்பிச்சிட்டீங்களா மாமா!’’

ஆரம்பித்துவிட்டேன். 1991-லிருந்து.

அப்போது கம்ப்யூட்டர் உலகின் ராஜா, இன்டெல்லின் 486 சிப். 1989-ல் வந்தது. அதற்கு முன்னால் தசமக் கணக்குகளை வேகமாகப் போட வேண்டுமென்றால் தனியாக ஒரு சிப் வாங்கிச் செருக வேண்டும். 486-ல் அந்தக் கணக்குப்பிள்ளை உள்ளேயே குடியேறிவிட்டார். அருமையான சரக்கு. ஆனால், விலை அதிகம்.

குறைந்த விலையில் ஒன்று வேண்டுமே? 1991-ல் 486 எஸ்.எக்ஸ். வந்தது. எப்படி விலையைக் குறைத்தார்கள்? ஆரம்ப கால எஸ்.எக்ஸ். சிப்புகளில் கணக்குப்பிள்ளை இருந்தார். அப்படியே இருந்தார். அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்!

இதைவிடப் பெரிய வேடிக்கை, பிறகு கணக்குப்பிள்ளை வேண்டுமென்று கேட்டவர்களுக்கு இன்டெல் விற்ற 487 எஸ்.எக்ஸ். பார்வைக்குத் துணைச் சிப். உண்மையில் அது ஒரு முழு 486. செருகியதும் பழைய சிப்பைத் தூங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்தது. காசு கொடுத்து வாங்கிய பழைய சிப்? மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

மோசடியா? காமர்ஸ் படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். இது ரயில் காலத்து வியாபாரம். 1849-லேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல்ஸ் டூப்யூய் எழுதிவைத்துவிட்டார். அன்றைக்கு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது. கூரை போட அப்படியொன்றும் செலவாகிவிடாது. ஏன் போடவில்லை? ஏழையை வதைக்க அல்ல. இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கும் வசதியுள்ளவன் மூன்றாம் வகுப்புக்கு ஓடிவந்துவிடக் கூடாதே என்பதற்காக!

486 எஸ்.எக்ஸ்., கூரை கழற்றிய ரயில் பெட்டி.

வாங்கியவர்கள் ஏமாந்தார்களா? அங்கேதான் விஷயம். லெட்டர் அடிக்கிறவருக்கு தசமக் கணக்கு எதற்கு? 1993 டிசம்பரில் ‘டூம்’ என்ற விளையாட்டு வந்து உலகத்தையே பைத்தியமாக்கியது. அதுகூட முழு எண் கணக்கிலேயே ஓடியது. எஸ்.எக்ஸ். வைத்திருந்தவரும் பேய்களைச் சுட்டுத் தள்ளினார். கூரை இல்லை. ஆனால், மழையும் இல்லை.

மழை 1996 ஜூனில் வந்தது. ‘டூம்’ எடுத்த அதே ஐடி சாஃப்ட்வேர், ‘குவேக்’ விளையாட்டை வெளியிட்டது. முழுக்க முப்பரிமாணம். எங்கே திரும்பினாலும் தசமக் கணக்கு. கணக்குப்பிள்ளை இல்லாத எஸ்.எக்ஸ்.ஸில் ஓடவே ஓடாது!

அந்த மழையில் இன்னொருவரும் நனைந்தார். இன்டெல்லின் பென்டியத்துக்குப் போட்டியாக சைரிக்ஸ் கம்பெனி 6எக்ஸ்86 என்ற சிப்பைக் குறைந்த விலையில் விற்றுக்கொண்டிருந்தது. அலுவலக வேலைகளில் பென்டியத்துக்குச் சளைத்ததில்லை. ஆனால், தசமக் கணக்கில் கொஞ்சம் மந்தம். ‘குவேக்’ பென்டியத்தை மனதில் வைத்தே செதுக்கப்பட்ட விளையாட்டு. சைரிக்ஸில் தடுக்கித் தடுக்கி நடந்தது. மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர்கள், எந்த வேலைக்கு மலிவு என்று கேட்க மறந்திருந்தார்கள்.

இப்போது கதையில் கிராபிக்ஸ் கார்டு நுழைகிறது.

அந்தக் காலத் திரையில் 640-க்கு 480 புள்ளிகள். பெருக்கினால் 3,07,200. விநாடிக்கு 30 படம் காட்ட வேண்டுமென்றால், விநாடிக்கு 92 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். பாவம், ஒரே பிராசசர் எதிரி எங்கே நிற்கிறான் என்றும் பார்க்க வேண்டும், சுவருக்குப் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். பெயின்ட் அடிக்கத் தனி ஆள் போட்டால் என்ன? 1996-ல் கடைக்கு வந்த வூடூ கார்டு அதைத்தான் செய்தது. தயாரித்தது, 1994-ல் ஆரம்பித்த 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி. 1997-ல் ‘குவேக்’ விளையாட்டுக்கு வூடூவில் ஓடும் பதிப்பு வந்தது. கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழவென்று ஆகிவிட்டன. விளையாட்டுப் பிள்ளைகளின் கணக்கு மாறிப்போனது. காசை எங்கே கொட்டுவது, பிராசசரிலா, கார்டிலா?

அந்தக் கேள்விக்கு விடை சொன்னது இன்டெல்லே. தெரியாத்தனமாக!

1997-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விலை ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. காம்பேக் பிப்ரவரியில் 999 டாலருக்கு ஒன்றை இறக்கியது. உள்ளே இருந்தது சைரிக்ஸ் சிப். ஏஎம்டியும் அடிமாட்டு விலையில் கே6 சிப்போடு காத்திருந்தது. இன்டெல் தலைவர் ஆண்டி குரோவ் யோசித்தார். அப்போது அவர் கேட்ட ஒரு கதை, ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் சொன்ன இரும்பு ஆலைக் கதை. சின்ன ஆலைகள் முதலில் கட்டடக் கம்பி சந்தைக்குள் நுழைந்தன. ‘லாபமில்லாத சரக்கு, போய்த் தொலையட்டும்’ என்று பெரிய ஆலைகள் விட்டுக்கொடுத்தன. சின்ன ஆலைகள் படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் பெரிய ஆலைகளின் மடியிலேயே கை வைத்தன. கீழ்ச் சந்தையை விட்டால் மேல்ச் சந்தையும் போய்விடும்! குரோவுக்குப் பொறி தட்டியது.

1998 ஏப்ரலில் செலரான் பிறந்தது. 266 மெகாஹெர்ட்ஸ். இந்த முறை இன்டெல் எடுத்தது, கேஷ். பணமில்லை சார், இது வேறு கேஷ்.

மளிகைக் கடை அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கேட்கும் சாமான்களைக் கை எட்டும் தூரத்தில் டப்பாக்களில் வைத்திருப்பார். அதுதான் கேஷ். பின்னாலிருக்கும் குடோன்தான் ராம். செலரானில் கை எட்டும் பெரிய அலமாரியையே கழற்றிவிட்டார்கள். கால் கிலோ சர்க்கரைக்கும் அண்ணாச்சி குடோனுக்கு ஓட வேண்டும். அலுவலக வேலைகளில் செலரான் தவழ்ந்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஏழைக்கேற்ற எள்ளுருண்டைதான். ஆனால், அதில் எள்ளே இல்லை.

ரோஷம் வந்த இன்டெல், ஆகஸ்ட் 24, 1998 அன்று செலரான் 300ஏ-வை இறக்கியது. இந்த முறை 128 கிலோபைட் கேஷ் உண்டு. பென்டியம் 2-ல் 512 இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பென்டியம் 2-ன் கேஷ் சிப்புக்கு வெளியே, பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் கேஷ் சிப்புக்கு உள்ளேயே, முழு வேகத்தில்! அலமாரி சின்னது, அண்ணாச்சியின் கை படுவேகம்.

அப்படியானால் செலரானை எதில்தான் மட்டம் தட்டினார்கள்? பஸ் வேகத்தில். சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதை அது. செலரானுக்கு 66 மெகாஹெர்ட்ஸ். உள்ளே நாலரையால் பெருக்கி, 300. இந்த நாலரையை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். குறைந்த வேகச் சிப்பின் மேல் அதிக வேக நம்பரை அச்சடித்து விற்கும் தில்லாலங்கடிகள் அப்போது இருந்தார்கள். பூட்டு அவர்களுக்காக.

பெருக்கும் எண்ணைப் பூட்டினார்கள். பெருக்கப்படும் எண்ணை மறந்துவிட்டார்கள்!

அதே வருடம் வந்த இன்டெல் பி.எக்ஸ். வகை போர்டுகளில் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் இருந்தது. 66-ஐ 100 ஆக்கினால்? நூறு இன்ட்டு நாலரை, 450. அபிட் நிறுவனத்தின் பி.ஹெச்.6 போர்டில் மெனுவுக்குள் போய் ஓர் எண்ணை மாற்றினால் போதும். தானாக வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும் போர்டுகளில், சிப் அட்டையின் பி21 என்ற ஒரே ஒரு பின்னின் மேல் துண்டு டேப் ஒட்டினார்கள். கதை முடிந்தது.

அதே ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் இறக்கிய உச்சபட்சச் சிப் எது தெரியுமா? பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களுக்கான விலை, 669 டாலர். செலரான் 300ஏ, 149 டாலர். வித்தியாசம் 520 டாலர்!

எல்லா 300ஏ-வும் 450-ஐத் தொடவில்லை. சில மக்கர் செய்தன. வாரண்டியும் கோவிந்தா. ஆனால், தொட்டவை ஏராளம். விளையாட்டுகளில் அவை பென்டியம் 2 450-ன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றன. மிச்சமான 520 டாலரை விவரமான பையன்கள் என்ன செய்தார்கள்? அந்த வருடம் வந்த வூடூ 2 கார்டை வாங்கினார்கள். பெயின்ட் அடிக்கத் தனி ஆள்! அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளையின் கம்ப்யூட்டருக்குச் சமமாக, பேப்பர் போட்டுச் சம்பாதித்த பிள்ளையின் கம்ப்யூட்டர் ஓடியது.

‘‘அப்ப விலை கம்மியானதை வாங்கினா போதுமா மாமா?’’

இல்லைடா. அதுதான் சறுக்குகிற இடம். 2014-ல் இன்டெல் 72 டாலருக்கு பென்டியம் ஜி3258 என்று ஒன்றை விட்டது. பூட்டே கிடையாது. வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றலாம். ‘300ஏ மறுபிறவி எடுத்துவிட்டது’ என்று துள்ளினார்கள். ஆனால், அதில் இருந்தது இரண்டே கோர். அதே வருடம் நவம்பரில் வந்த ‘ஃபார் க்ரை 4’ அதில் ஆரம்பிக்கவே மறுத்தது. 2022-ல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு. போர்டோடு பேச நாலே பாதைகள். புது போர்டில் பரவாயில்லை. பழைய போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதி. கார்டு மூச்சு வாங்கியது. பழைய போர்டு யாரிடம் இருக்கும்? இந்த மாதிரிக் கார்டை வாங்குகிறவனிடம்தானே!

மறுபக்கமும் உண்டு. இன்டெல் சிப் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று இருந்தால், உள்ளே கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விலை குறைவு. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்குபவனுக்கு அது நஷ்டமே இல்லை. கார்டு வாங்காதவனுக்கு? திரை இருட்டு. ஒரே சிப். ஒருவனுக்கு லாபம், இன்னொருவனுக்கு தண்டம்.

மலிவான எந்தச் சரக்கிலும் எதையோ எடுத்திருப்பார்கள். எடுக்காமல் விலை குறைக்க யாரும் தர்ம சத்திரம் நடத்தவில்லை. எதை எடுத்திருக்கிறார்கள், அது எனக்கு வேண்டுமா, வேண்டாமா? இதைக் கேட்டுவிட்டு வாங்கினால் எள்ளுருண்டை. கேட்காமல் வாங்கினால் வெறும் உருண்டை.

நான் கேட்கவில்லை. 2000-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கொடுத்த பணத்தில், முக்கால்வாசியை பென்டியம் 3 சிப்பிலும் பெரிய மானிட்டரிலும் கொட்டினேன். ‘‘கிராபிக்ஸ் கார்டா? போர்டுலயே இருக்கு தம்பி’’ என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. இருந்தது. லெட்டர் அடிக்கப் போதுமான அளவுக்கு இருந்தது. கார் ரேஸ் போட்டால் கல்யாண ஆல்பம் புரட்டுவது மாதிரி, ஒவ்வொரு படமாக நகர்ந்தது. எட்டாவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் ‘டப்’ என்று சத்தம். கருகிய வாடை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு நிற்காமல் போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பா எதுவும் கேட்கவில்லை. லோன் மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்தான். பிராசசரை இரண்டு படி கீழே இறக்கினான். அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினான். ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி. இரண்டு பாதையில் ஓடுமாம், அது அவனுக்கே தெரிந்திருந்தது. விளக்கு கேபினெட்டின் மேல் பேனா ரொம்ப நேரம் நின்றது. பெருமூச்சோடு அடித்துவிட்டு, ‘எஸ்.எம்.பி.எஸ். - நல்ல கம்பெனி, தனியாக’ என்று எழுதினான்.

அப்புறம் கடைக்கு போன் போட்டான்.

‘‘அண்ணே, அந்த கிராபிக்ஸ் கார்டு ஏன் மத்ததைவிட ரெண்டாயிரம் கம்மி? அதுல என்னத்தை எடுத்திருக்காங்க?’’

மறுமுனையில் சத்தமே இல்லை.