வர்ணம் பூசிய பேயும் பெயர் சொல்லாத சாட்சியும்



பயங்கரப் படம் என்று ஒரு வகைச் சினிமா உண்டு. அட்டைச் சுவர், செயற்கைச் சிலந்திவலை, இடியோசை, ஓர் அலறல் ஆகியவையே அதற்கு மூலதனம். 1961-இல் அமெரிக்காவில் ராஜர் கார்மன் எடுத்த ‘தி பிட் அண்ட் த பெண்டுலம்’ இவ்வகையில் பெயர் பெற்றது. எட்கர் ஆலன் போ என்பார் 1842-இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவி, ஏறத்தாழ 15 நாட்களில் எடுத்து முடித்த படம் அது. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சமய விசாரணை அதிகாரி ஒருவரின் மகன் சித்தம் கலங்கித் தன்னையே தந்தையாக எண்ணுகிறான். ஊசலாடும் பெருங்கத்தியின் கீழ் ஒருவனைக் கட்டி வைக்கிறான். வின்சென்ட் பிரைஸ் கண்களை உருட்டி நடிக்கும்பொழுது பார்ப்போர் அஞ்சுவர். சற்று நகைக்கவும் செய்வர்.

‘இன்குவிசிஷன்’ எனப்படும் அந்தச் சமய விசாரணை மன்றம் ஐரோப்பாவோடு முடிந்த கதை என்று எண்ணுதல் தவறு. போர்த்துக்கேயர் அதனை 1560-இல் கோவாவில் நிறுவினர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் சீனக் கரையிலுள்ள மக்காவ் வரை அதன் ஆணை சென்றது. நம் மயிலைச் சாந்தோமும் அதற்கு உட்பட்டதே. 1774-இல் ஒருமுறை நீக்கப்பெற்று, 1778-இல் மீண்டும் எழுந்து, 1812-இல்தான் அது முற்றிலும் ஒழிந்தது. அதன் முன் வந்த வழக்குகள் பதினாறாயிரத்துக்கு மேல் என்பர்.

சென்னை வரலாற்றோடு இணைந்த ஒரு வழக்கைக் காண்போம். எப்ராயீம் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி பர்மாவிலுள்ள பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் 1642-இல் சென்னைக்கு வந்தார். கோட்டையில் வாழ்ந்த கத்தோலிக்கருக்குக் குரு தேவைப்பட்டமையால் ஆங்கிலேயர் அவரை அங்கேயே இருத்திக் கொண்டனர். சாந்தோம் குருமாருக்கு இது பொறுக்கவில்லை. தங்களுக்குள் நேர்ந்த பிணக்கைத் தீர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லி, 1649-இல் அவரை அழைத்தனர். நம்பிச் சென்றவரைப் பிடித்து விலங்கிட்டுக் கோவாவுக்கு அனுப்பினர். ஏறத்தாழ இரண்டாண்டு அவர் சிறையில் கிடந்தார். கோல்கொண்டா சுல்தானின் ஆணைப்படி தளபதி மீர் ஜும்லா சாந்தோமை நெருக்கிய பின்னரே விடுதலை கிட்டியது என்று பயணி தவர்னியே எழுதி வைத்துள்ளார். போவின் கதையிலும் கைதியைக் காப்பது ஊருக்குள் நுழையும் ஒரு படையே. கற்பனையும் வரலாறும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

அச்சிறையின் உள்ளே நடந்தது என்ன? தெல்லோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1673-இல் தாமனில் கைதானார். பின்னர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1687-இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். சித்திரவதை செய்யப்பட்டவர்களின் ஓலம் தம் அறைவரை கேட்டதாக அவர் கூறுகிறார். அதனினும் கொடியது ஒன்றுண்டு. குற்றம் இன்னது என்று கைதிக்குச் சொல்லமாட்டார்கள்; சாட்சி இன்னார் என்றும் சொல்லமாட்டார்கள். அவனே ஊகித்து ஒப்புக்கொள்ளல் வேண்டும். தனிமையில் கிடப்பவன் நண்பன், அண்டை வீட்டான், வேலைக்காரன் என ஒவ்வொருவராக ஐயுறத் தொடங்குகிறான். தெல்லோன் தற்கொலைக்கும் முயன்றார்.

தீர்ப்பு மட்டும் ஊரறிய நடக்கும். 1676 ஜனவரியில் தெல்லோனும் அவ்வூர்வலத்தில் வெறுங்காலுடன் நடந்தார். தீக்கு இரையாகவிருந்தோரின் மேலங்கியில் அவர்களுடைய உருவத்தைத் தீட்டி, சுற்றிலும் தீநாக்குகளையும் பேய்களையும் வரைந்திருந்தனர். ஆகவே சினிமாக்காரர் பூசிய வர்ணம் புதிதன்று. அம்மன்றமே முதலில் பூசியது. வீதியில் காட்டிய பேய் வேடிக்கைக்கு. மக்களை ஆட்டிப் படைத்தது அறைக்குள் எழுதிய ஏடு. சினிமாக் கத்தி இறங்குவதை நாம் கண்ணால் காண்கிறோம். பெயர் சொல்லாத சாட்சியைப் படம் பிடிக்க எந்தக் காமிராவாலும் இயலாது.

அந்த ஏட்டில் ஏறியவை எவை? 1736-இல் வெளியான கட்டளை ஒன்று, மதம் மாறியோர் துளசிச் செடி வளர்ப்பதையும், இந்துக்களைப் போல் உப்பின்றிச் சோறு சமைப்பதையும் தடை செய்தது. சோற்றில் உப்பு உண்டா என்பதை அயலார் எங்ஙனம் அறிவர்? அடுப்படிக்கு வந்து போகும் ஒருவர் சொன்னாலன்றி அறிய முடியாது. அம்மன்றத்தின் ஏடுகளில் பெரும்பாலானவை பின்னர் அழிக்கப்பட்டமையால், சொன்னவர்களின் பெயர்களும் அவற்றோடே மறைந்தன.

அந்தமானில் பத்துபஸ்தியில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதையாகத் தோன்றவில்லை. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்தவர் எல்லோரும் இங்கே அடுத்தடுத்து வாழ்கின்றோம். ஒரு வீட்டில் கடுகெண்ணெய் காயும். மறுவீட்டில் புளிக்குழம்பு கொதிக்கும். வெளிமாநிலங்களில் வாழும் நீங்களும் இதனை நாள்தோறும் அறிவீர்கள். அயலான் அடுப்பில் வேறு மணம் வீசினால் அதனை முகர்ந்து ரசிக்கலாம். பிடிக்காவிடில் சன்னலைச் சாத்திக் கொள்ளலாம். அதனைக் குற்றமென்று எழுதி வைக்க ஒருவன் எழுதுகோல் எடுப்பானாயின், அஞ்ச வேண்டிய இடம் அதுவே.